ஒரு தடவை பார்த்தால் தெரியாது

கிருஷ்ணவேணியிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘தெரியாது’தான். மழை வருமா? தெரியாது. சாம்பாரில் உப்பு சரியா? ருசி பார்க்காமல் எப்படித் தெரியும்? திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அவளுக்கு வாடிக்கையான காய்கறிக்காரி, ‘இந்த அக்காகிட்ட தக்காளி நல்லதான்னு கேட்டா, அறுத்துப் பாக்கணும்னு சொல்லும்’ என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். திமிர் பிடித்தவள் என்று சிலர் நினைத்தார்கள். அசடு என்று நினைத்தவர்களும் உண்டு. அவர்கள் அவளோடு வேலை பார்த்தவர்கள் இல்லை. இரண்டும் கிடையாது. தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்ல அவளுக்கு வாய் வராது. அப்படி ஒரு பிறவி, என்ன செய்ய?

கல்யாணமே அந்த லட்சணத்தில்தான் நடந்தது. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலை பஜாருக்குக் கணக்கு எழுத வந்தவர். கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பெண் பார்க்க மாப்பிள்ளை மகாராஜன் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கேசரி, வடை எல்லாம் ஆனபிறகு மாப்பிள்ளையின் அத்தை, பிடிச்சிருக்கா மக்களே என்று இவளைக் கேட்டாள். எந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய இடம். இவள் நிமிர்ந்து, “ஒருக்கா பாத்தா எப்பிடித் தெரியும்? இன்னொருக்கா வரச் சொல்லுங்க” என்றாள். அம்மா தொடையில் கிள்ளியது கன்றிப்போய் ஒரு வாரம் இருந்தது. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். சிரித்தது மகாராஜன் ஒருவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை இல்லாமல், வேன் இல்லாமல், பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு தனியாக வந்து நின்றான். வழியில் செருப்பு வாரும் அறுந்திருந்தது. இவள் பார்த்தாள், சரி என்றாள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அவனை ‘ரெண்டு தடவை வந்த மாப்பிள்ளை’ என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை நான் சும்மா இழுக்கவில்லை. அவள் சம்பளத்துக்குச் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

கழக்கூட்டத்தில் ஹைவேயை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சின்னச் செயற்கைக்கோள்களுக்குக் கேமரா செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. கிருஷ்ணவேணிக்கு அங்கே கணக்குப் போடுகிற வேலை. பணக் கணக்கு இல்லை, வெளிச்சக் கணக்கு. கேமரா தரும் படத்தை வைத்துக்கொண்டு, கேமரா சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேமரா எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டால், கல்யாண வீட்டுப் பந்தியைத்தான் அவள் உதாரணம் சொல்வாள். பந்தி முடிந்தபிறகு எச்சில் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். யார் முந்தி வந்து உட்கார்ந்தார், யார் பிந்தி வந்தார் என்று இலை சொல்லுமா? வெளிச்சம் ஓர் அலை. லென்ஸின் ஓர் ஓரத்தைக் கடந்து வரும் அலை கொஞ்சம் முந்தும், இன்னோர் ஓரத்தைக் கடந்து வருவது பிந்தும். பள்ளிப் பாடத்தில் இந்த முந்தல் பிந்தலுக்குக் கட்டம் என்று பெயர். கேமராவில் இருக்கும் சில்லு அதை அறியாது. இந்தப் புள்ளியில் இவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் எண்ணி வைக்கும். ஆனால் லென்ஸ் சரியாக இருக்கிறதா என்பது முழுக்க அந்த முந்தல் பிந்தலில்தான் கிடக்கிறது.

தொலைந்ததை மீட்க ஒரு வழி உண்டு. முந்தல் பிந்தல் இப்படி இருந்திருக்கலாம் என்று குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு, லென்ஸிலிருந்து சில்லுவரை கணக்கில் போக வேண்டும். அங்கே கிடைக்கும் வெளிச்ச அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேமரா உண்மையில் எண்ணிய அளவை வைக்க வேண்டும். பிறகு திரும்பி லென்ஸுக்கு வர வேண்டும். லென்ஸின் வட்டத்துக்கு வெளியே வெளிச்சம் வந்திருக்க முடியாது என்பது நிச்சயம், அதனால் வெளியே கிடப்பதை அழித்துவிட்டு மறுபடி போக வேண்டும். போய், வந்து, போய், வந்து, குத்துமதிப்பு மெல்ல மெல்ல நிஜத்தின் பக்கம் நகரும். கிழக்கேகோட்டைக்கும் கழக்கூட்டத்துக்கும் தினம் பஸ்ஸில் அலைகிற தன்னைப்போலவே தன் கணக்கும் அலைகிறது என்று அவள் சொல்வதுண்டு. அவளுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது.

அந்தக் கம்பெனி வருஷக்கணக்காக உழைத்துச் செய்த கேமரா ஒருவழியாக மேலே போனது. லட்டு கொடுத்தார்கள். முதல் படத்துக்கு ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஊசிமுனைபோல வரவேண்டிய நட்சத்திரம், எண்ணெய்க் கறைபோலப் பரந்து வந்தது. லட்டு சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் திருவனந்தபுரத்தின் ஈரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே மழைக்காலத்தில் பப்படம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப்போகும், பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். ஒரு முனையில் லென்ஸும் மறுமுனையில் சில்லும் இருக்கும் கேமராவின் குழல் கார்பன் நாரால் ஆனது. அதுவும் காற்றின் ஈரத்தைக் குடித்து மயிரிழை அளவு நீளும். வானத்துக்குப் போனால் காய்ந்து சுருங்கும். அதனால் இங்கே லென்ஸைப் பொருத்தும்போதே ஒரு மயிரிழை கூட்டித் தள்ளிப் பொருத்த வேண்டும். அங்கே போய்ச் சுருங்கியதும் சரியாக வந்து உட்காரும். எவ்வளவு கூட்டுவது என்பது அந்தக் கம்பெனியில் பொருத்துகிறவரின் கைப்பழக்கம். பெருமழையென்றால் கொஞ்சம் அதிகம், வேனலென்றால் கொஞ்சம் குறைச்சல். யாரும் எழுதி வைப்பது கிடையாது. வீட்டில் புளியை அளந்தா போடுகிறார்கள்?

இந்தக் கேமராவைப் பொருத்தியவன் பிரஜின். விதுரைக்காரன். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அந்த ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் இவனும் கிருஷ்ணவேணியும் மட்டும்தான். மற்றவர்கள் முன்னால் அவளை மலையாளத்தில் சேச்சி என்பான். இரண்டு பேராக டீ குடிக்கப் போனால் அக்கா. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எஸ்டேட் தேயிலை ஒரு பொட்டலம் கொண்டுவருவான். அவளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

படம் மங்கலாக வந்த மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். தலைமைப் பொறியாளர் அனீஷ் கெட்டவர் அல்ல, பதறிப்போயிருந்தார். கேமராவில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சின்ன மோட்டார் உண்டு. தரையில் குளிர வைத்துச் சோதித்தபோது, ஒரு பக்கம் போன மோட்டார் மறுபக்கம் திரும்பும்போது சிக்கிக்கொண்டது. அதைச் சரி செய்துதான் அனுப்பினார்கள், ஆனாலும் மேலே போய்த் திரும்புமா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதாவது முதலில் நகர்த்துகிற திசைதான் கடைசித் திசை. சரியான பக்கம் நகர்த்தினால் கேமரா பிழைக்கும். தப்பான பக்கம் நகர்த்தினால் மங்கலான படத்தை அனுப்பிக்கொண்டே சாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

அனீஷுக்குத் திசையில் சந்தேகமே இல்லை. பிரஜின் ஈரத்துக்குக் கூட்ட மறந்துவிட்டான், குழல் காய்ந்து லென்ஸ் உள்ளே வந்துவிட்டது, வெளியே தள்ளினால் சரியாகிவிடும். பிரஜின் எழுந்து நான் கூட்டித்தான் வைத்தேன் என்றான். கூட்டியிருந்தால் படம் தெளிவாக அல்லவா வந்திருக்கும், படம் மங்கல், ஆகவே நீ கூட்டவில்லை என்று அனீஷ் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். தலைகள் ஒவ்வொன்றாக ஆடின.

கிருஷ்ணவேணியின் தலை ஆடவில்லை. முந்தின நாளிலிருந்து அந்தக் கறையோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு ஒரு குத்துமதிப்பில் தொடங்கினால், முந்தல் பிந்தல் நடுவில் மேடாக வந்து நின்றது. வேறு குத்துமதிப்பில் தொடங்கினால் பள்ளமாக வந்து நின்றது. மேடென்றால் லென்ஸ் உள்ளே இருக்கிறது, பள்ளமென்றால் வெளியே இருக்கிறது. இரண்டுமே அந்தக் கறையோடு அச்சுப் பிசகாமல் பொருந்தின. கோளாறு கணக்கில் இல்லை. லென்ஸ் கிட்ட இருந்தாலும் மங்கும், எட்ட இருந்தாலும் மங்கும். இரண்டும் ஒரே கறையைத்தான் போடும். ஒரே ஒரு படத்திலிருந்து எந்தக் கொம்பனாலும் திசை சொல்ல முடியாது. இதை அவள் எழுந்து சொன்னாள். அனீஷ் பொறுமையாகக் கேட்டார். படம் சொல்லாவிட்டால் என்ன, ஈரம் சொல்கிறதே என்றார்.

அப்போதுதான் பிரஜின், இத்தனை பேருக்கு நடுவில், தமிழில் அவளிடம் கேட்டான்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நான் கூட்டித்தான் வச்சேன். என்னை நம்புறீங்க அல்லே?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கை எவ்வளவு சுத்தமான கை என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு தடவை அந்தக் கை மறந்ததா இல்லையா என்பது தெரியாது. இங்கேதான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. ஒரு மனுஷன் முங்குகிறபோது ஒரு வார்த்தையை நீட்டினால் என்ன குறைந்துவிடும்?

“தெரியாது, பிரஜின்” என்றாள்.

அவன் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. வேலையை விடுகிறேன் என்று அனீஷுக்கு இரண்டு வரி அனுப்பியிருந்தான். கிருஷ்ணவேணி போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அவன் போனது, அவன் மறந்தான் என்பதற்கே அத்தாட்சி ஆகிவிட்டது. வேறென்ன, ஊர் வாய்.

அனீஷ் மோட்டாரை அன்றே நகர்த்திவிட இருந்தார். கிருஷ்ணவேணி அவர் அறை வாசலில் போய் நின்றாள். இன்னொரு படம் வேண்டும் என்றாள். முதல் படம் எப்படி எடுத்ததோ அப்படியே எடுத்தால் பிரயோஜனம் இல்லை; இந்தப் பக்கம்தான் நகர்த்தினோம் என்று நிச்சயமாகத் தெரிகிறமாதிரி, லென்ஸைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தி எடுத்த படம் வேண்டும். மோட்டாரைத் தொடாமல் எப்படி நகர்த்துவாய் என்று அவர் கேட்டார். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. லென்ஸைப் பிடித்திருக்கும் அலுமினிய வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு, லென்ஸ் விறைத்துப்போகாமல் இருக்க வைத்தது. அதைப் போட்டால் வளையம் சூடாகி விரிந்து, லென்ஸ் இம்மி வெளியே போகும். அணைத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். சிக்குகிற சமாச்சாரம் அதில் இல்லை.

ஏற்கெனவே இருக்கும் மங்கல் படம் போதாதா என்று அனீஷ் தலையில் கைவைத்தார். மேலதிகாரிகள் அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த விஷயத்துக்கு எதற்கு இன்னொரு படம் என்றார். தெரியாது சார், அதனால்தான் கேட்கிறேன் என்றாள் அவள். தினமும் காலையில் அதையே சொல்லிக்கொண்டு வாசலில் நின்றாள். அவரும் மோட்டாரை நகர்த்துவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அவர் சம்மதித்தது அவள் சொன்னதில் நம்பிக்கை வந்தல்ல. அவள் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் என்று பின்னால் அவரே சொன்னார்.

ஹீட்டர் போட்டு எடுத்த படம் ஒரு காலையில் வந்தது. பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே கறை. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அனீஷ் டீ குடிக்கப் போய்விட்டார். கிருஷ்ணவேணி இரண்டு படத்தையும் சேர்த்துக் கணக்கில் போட்டாள். இப்போது எந்தக் குத்துமதிப்பாக இருந்தாலும் இரண்டு படத்தோடும் பொருந்தியாக வேண்டும், இடையில் எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரிந்த விஷயம். மேட்டில் தொடங்கினாள், கணக்கு போய் வந்து, போய் வந்து, மேடு கரைந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் தொடங்கினாள், பள்ளமாகவே நின்றது. கண்டபடி எண்களை வாரிப் போட்டுத் தொடங்கினாள். அதுவும் பள்ளம்தான்.

லென்ஸ் உள்ளே வரவில்லை. வெளியே இருக்கிறது. அனீஷ் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

காய்ந்த குழல் எப்படி நீளும்? ஈரத்துக்குக் கூட்டாமல் விட்டால் லென்ஸ் உள்ளே இருக்கும். ஒரு தடவை கூட்டியிருந்தால் சரியாக இருக்கும். வெளியே இருக்கிறதென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு, இரண்டு தடவை கூட்டியிருக்க வேண்டும். பிரஜின் ஒரு தடவை. அப்படியானால் அவனுக்கு முன்னால் யார்?

அவனுக்கு முன்னால் அளவு குறித்தவள் இந்தக் கேமராவுக்கு வரைபடம் போட்ட லிபி, இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அனீஷ் அவளைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பின்னே, ஈரத்துக்குக் கூட்டித்தான் அளவு போட்டேன், நம் ஊர்க் கதவெல்லாம் மழைக்காலத்தில் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியாதா என்று சிரித்தாள். அவள் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் பேட்டையில். வரைபடத்தில் யாரும் ஈரத்தைச் சேர்ப்பதில்லை, அது பொருத்துகிறவன் பாடு என்ற வழக்கம் அவள் அங்கே இருந்த கொஞ்ச காலத்தில் அவள் காதில் விழவே இல்லை. அவள் அக்கறையாக ஒரு மயிரிழை கூட்டினாள், அவன் அக்கறையாக இன்னொரு மயிரிழை கூட்டினான். வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா?

மோட்டாரை உள்பக்கமாக நகர்த்தினார்கள். அதற்கடுத்த படத்தில் நட்சத்திரம் ஊசிமுனையாக வந்தது. இரண்டு நாள் கழித்து விழிஞ்ஞம் கடற்கரையை எடுத்தார்கள். அலைத்தடுப்புச் சுவர் பென்சில் கோடுபோலத் தெரிந்தது. மறுபடி லட்டு. அனீஷ் எல்லார் முன்னாலும் கிருஷ்ணவேணியைக் கும்பிட்டார். பிரஜினுக்குத் தானே போன் செய்தார், அவன் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினார், பதில் இல்லை.

சாயந்திரம் வீட்டில் மகாராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாலை பஜாரில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறவன், வெளிச்சத்தின் முந்தல் பிந்தலெல்லாம் அவனுக்கு எட்டாத சங்கதி. பிரஜினிடம் அவள் தெரியாது என்று சொன்ன இடத்தில் மட்டும் அவளை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே பேசினான்.

“வேணி, என்கிட்டயும் தெரியாதுன்னுதான் சொன்னே. ஆனா இன்னொருக்கா வரச் சொன்னேல்லா? அந்தப் பையனுக்கு அதுகூடச் சொல்லல்லியே.”

கேமராவுக்காக ஒருத்தர் வாசலில் தினமும் போய் நின்றோமே, அவனுக்காக ஒரு நாள் பஸ் ஏறினோமா என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காடு வழியாக விதுரைக்குப் போனாள். சந்தை தாண்டி, போனக்காடு எஸ்டேட்டுக்குப் போகிற ரோட்டோரத்தில் வீடு. பிரஜினின் அம்மா தாசம்மாள் இவளை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனாலும் உள்ளே போய்ப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்கு வந்தவளுக்குச் சாயா கொடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பிரஜின் பின்வாசலில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. வாங்க சேச்சி என்றான். அங்கே வேறு யாரும் இல்லை, இருந்தும் அக்கா என்று வரவில்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள். போனில் விழிஞ்ஞத்தின் படத்தைக் காட்டினாள். அவன் துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, விரலால் பெரிதாக்கி, அலைத்தடுப்புச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். கண் கலங்கியது. லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“நீ கூட்டித்தான் வச்சிருந்தே. இப்பத் தெரியும், பிரஜின்” என்றாள் அவள்.

“தெரிஞ்சதுக்கு அப்புறம் யாரு வேணும்னாலும் வரலாம், சேச்சி. தெரியாதப்பத்தான் ஆளு வேணும்.”

சண்டை போடுகிற குரல் இல்லை அது. அதனால்தான் அது அவளை அறுத்தது. அவள் சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். நம்புகிறேன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், அது அவளுக்கு இப்போதும் நிச்சயம். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவா இவ்வளவு தூரம் வந்தாள்?

“தெரியாதுன்னு சொன்னது சரிதான். அதோட நிறுத்தினேன் பாரு, அதுதான் தப்பு. அன்னைக்கே வந்திருக்கணும்” என்றாள்.

அவன் ஒரு திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தான். மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. திரும்ப வேலைக்கு வருவாயா என்று அவள் கேட்டாள். அடுத்த கேமரா தயாராகிறது, பொருத்த ஆள் இல்லை, அனீஷ் காத்திருக்கிறார் என்றெல்லாம் சொல்ல நினைத்து, ஒன்றையும் சொல்லாமல் அதை மட்டும் கேட்டாள்.

“தெரியாது, சேச்சி” என்றான் பிரஜின்.

தன் வாழ்நாளெல்லாம் அவள் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை! அது காதில் விழுகிற பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னார்களோ என்னவோ, அவளுக்குக் கேட்டதில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“சரி. அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொருக்கா வாறேன்.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வராதே என்று சொல்லவில்லை. மிக்ஸியை அப்படியே துணி போட்டு மூடிவிட்டு, உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தான்.